எஸ்டீமுக்கு டர்போ: ஒரு பட்டறை நாட்குறிப்பு

2023 ஜூன் 4

எனது 2004ஆம் ஆண்டு மாருதி எஸ்டீமின் 1,298 சி.சி. இன்ஜினுக்கு டர்போ (எக்ஸாஸ்ட் புகையால் சுழன்று, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) பொருத்துவதென முடிவு செய்து, முதல் வேலையாக நான்கு சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் (பிஸ்டன் அழுத்தும்போது உள்ளே எழும் அழுத்தம்) பார்த்தேன். 170 முதல் 178 பி.எஸ்.ஐ. வரை காட்டியது. தேய்ந்த பிஸ்டன் ரிங்குகளோடு பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) ஏற்றினால் எரிந்த வாயு கிராங்க் அறைக்குள் இறங்கி ஆயிலை வெளியே தள்ளும் என்பதால், இந்த அளவு குறைந்திருந்தால் திட்டத்தை இன்றே கைவிட்டிருப்பேன்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. ஆகவே இந்தக் கார் இனிச் சாலையில் ஓடாது. கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தளத்துக்கு லாரியில் ஏறித்தான் போகும்.

ஜூன் 11

எவ்வளவு பூஸ்ட் என்ற கேள்வியிலேயே நாள் முழுவதும் கழிந்தது. 1962இல் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் 10.25:1 என்ற உயர்ந்த கம்ப்ரஷன் விகிதத்தின் மேல் டர்போவை ஏற்றி, நாக்கிங்கை (கலவை தானாக வெடித்து இன்ஜினை இடிப்பதை) அடக்குவதற்காகத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து தெளிக்க வேண்டியிருந்தது. பதினைந்து ஆண்டுகள் கழித்து வந்த சாப் 99 டர்போவோ விகிதத்தையே 7.2:1க்கு இறக்கிக்கொண்டது. பிஸ்டனை மாற்ற என்னிடம் பணமில்லை. தடித்த ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள தகடு) போட்டு விகிதத்தைக் குறைக்கலாமே என்கிறார்கள். பிஸ்டன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள குறுகிய இடைவெளிதான் கலவையைச் சுழற்றி நாக்கிங்கைக் குறைக்கிறது என்பதால், அதை அகலப்படுத்துவது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிக்கொள்ளும் வேலை என்றே நினைக்கிறேன்.

எனவே 0.4 பார், அதற்கு மேல் இல்லை. கோவையின் 35 டிகிரிக் காற்றை இந்த அளவுக்கு அழுத்தினாலே அது 80 டிகிரியைத் தாண்டிவிடும் என்று கணக்குக் காட்டுகிறது. ஆகையால் அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் கட்டாயம்.

ஜூன் 25

உக்கடம் பழைய சாமான் கடைகளில் அலைந்து, 75 குதிரைத்திறன் ஸ்விஃப்ட் டீசலில் வரும் கே.பி.35 டர்போ ஒன்றை வாங்கினேன். அளவு பொருந்துகிறது, குணம் பொருந்தவில்லை. டீசலில் புகை பெரும்பாலும் 800 டிகிரிக்குள் அடங்கும், பெட்ரோலிலோ முழு ஆக்ஸிலரேட்டரில் 900ஐத் தாண்டும். டீசல் ஒரு பாருக்கு மேல் பூஸ்ட் கேட்பதால் வேஸ்ட்கேட்டின் (மிகுதிப் புகையை டர்போவின் சக்கரத்துக்குப் போகவிடாமல் வெளியேற்றும் கதவின்) ஸ்பிரிங்கும் விறைப்பாக இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு, மென்மையான ஸ்பிரிங் உள்ள வேறொரு ஆக்சுவேட்டரை (அந்தக் கதவை இயக்கும் பாகத்தை) பொருத்தினேன்.

ஜூலை 9

கணபதியில் லேத் வைத்திருக்கும் அண்ணன், கனத்த ஸ்டீல் குழாய்களை வெட்டி மேனிஃபோல்டைப் (புகையை டர்போவுக்குக் கொண்டுபோகும் குழாய்த் தொகுப்பை) பற்றவைத்துக் கொடுத்தார். பற்றவைத்த சூட்டில் இணைக்கும் ஃபிளாஞ்ச் தகடு வளைந்திருந்ததால் அதை மீண்டும் சமப்படுத்த வேண்டியதாயிற்று. ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் இடத்தில் ஒரு டீ வடிவ இணைப்பு வைத்து டர்போவுக்கு ஆயில் எடுத்தேன்.

ஜூலை 23

இன்ஜின் ஓடியது. பத்து நிமிடத்தில் சைலன்சரிலிருந்து நீலப் புகை எழுந்து பட்டறையை நிறைத்தது. டர்போ போய்விட்டது என்று மனம் சோர்ந்தேன். ஆனால் அதன் ஷாஃப்டில் ஆட்டமே இல்லை. குற்றம் என்னுடையது. டர்போவை விட்டு வெளியேறும் ஆயில் நுரைத்துக்கொண்டு, அழுத்தம் ஏதுமின்றித் தன் எடையால் மட்டுமே சம்புக்கு (இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டிக்கு) இறங்க வேண்டும். நானோ மெல்லிய குழாயைப் போட்டு, ஸ்டார்ட்டருக்கு வழிவிடுவதற்காக நடுவில் அதைக் கிடைமட்டமாகவும் வளைத்திருந்தேன். தேங்கிய ஆயில் சீலைத் தாண்டி டர்பைன் (புகை சுழற்றும் சக்கரம்) பக்கம் கசிந்திருக்கிறது. சம்பைக் கழற்றி, ஆயில் மட்டத்துக்கு மேலே புதுத் துளையிட்டு, அகலமான குழாயைச் சரிவாகவே இறக்கிய பிறகு புகை நின்றது.

ஆகஸ்ட் 6

கம்பெனி மேப் சென்சார் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) வளிமண்டல அழுத்தத்தோடு நின்றுவிடுவதால், பூஸ்ட் வந்தாலும் இ.சி.யு.வுக்குத் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிக்குத்) தெரியாது, பெட்ரோல் போதாமல் பிஸ்டன் உருகும். தனி இ.சி.யு., 3 பார் மேப் சென்சார், நிமிடத்துக்கு 250 சி.சி. இன்ஜெக்டர்கள், ஒரு படி குளிர்ந்த (வெப்பத்தை வேகமாகக் கடத்தும்) பிளக்குகள் ஆகியவற்றைப் போட்டேன். பூஸ்டில் காற்று–பெட்ரோல் விகிதத்தை 11.6இல் நிறுத்தி, பிளக் பொறி விடும் நேரத்தை ஏழு டிகிரி பின்தள்ளியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 20

செட்டிபாளையம். 4,500 ஆர்.பி.எம். வரை பூஸ்ட் 0.4இல் நின்றது, அதன்பின் தானாக ஏறி 5,800இல் 0.55ஐத் தொட்டதும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன். டீசலில் புகையின் பெரும்பங்கு டர்பைன் வழியாகவே போகும். எனக்கோ பாதிக்கு மேல் வேஸ்ட்கேட் வழியாக வெளியேற வேண்டும். கதவு முழுதாகத் திறந்தும் துளை போதவில்லை.

செப்டம்பர் 3

துளையைச் சில மில்லிமீட்டர் அகலமாக்கி, அதற்கேற்பக் கதவின் தட்டையும் பெரிதாகக் கடைந்து போட்டோம். இன்று 6,000 வரை 0.42ஐத் தாண்டவில்லை. ஆறு சுற்றுக்குப் பிறகு பிளக்குகளைக் கழற்றினேன். பீங்கானில் அலுமினியப் பொட்டு எதுவும் இல்லை, அதாவது நாக்கிங் பிஸ்டனை அரிக்கவில்லை. ஏழாவது சுற்றில் நான்காம் கியரில் ஆர்.பி.எம். ஏறியது, வேகம் ஏறவில்லை, கருகிய வாடை வந்தது. கிளட்ச் வழுக்குகிறது. காரை லாரியில் ஏற்றிவிட்டு, அடுத்த ஞாயிறு கியர்பாக்ஸை இறக்க அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.