பின்பக்க டர்போவுக்கு ஆயில் லைன்: காலைப் புகை நின்றது

வண்டி சூடாக ஓடும்போது துளிப் புகை கிடையாது. ராத்திரி முழுக்க நிறுத்திவிட்டுக் காலையில் ஸ்டார்ட் செய்தால் மட்டும் பின்னால் நீல மேகம். பிக்கப்பில் பின்பக்கம் டர்போ (புகைக்காற்றால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது) மாட்டியவர்கள் இதைப் பார்த்ததும் சீல் போச்சு என்று டர்போவைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார்கள். தேவையில்லாத வேலை. உள்ளே இருப்பது ரப்பர் சீல் அல்ல, பிஸ்டன் ரிங் போன்ற வளையம். ஹவுசிங்கில் ஆயில் தேங்கினால் புத்தம்புது டர்போவும் கக்கத்தான் செய்யும். நின்ற வண்டியில் ஆயில் எந்த வழியாக வருகிறது என்பதைத்தான் பிடிக்க வேண்டும்.

முதல் சந்தேகம், எஞ்சினிலிருந்து டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் ஃபீடு லைன் மேல். 5 மீட்டர் ஏஎன்-4 (ஹோஸ் சைஸ்) ஹோஸ், உள்விட்டம் 5.6 மி.மீ., உள்ளே நிற்பது சுமார் 120 மி.லி. எஞ்சின் நின்றதும் இது மெதுவாக டர்போவுக்குள் இறங்கும். அதனால் டர்போவின் வாயிலேயே ஒரு செக் வால்வு, அதாவது ஒரே திசையில் மட்டும் வழிவிடும் வால்வு. எஞ்சின் பக்கம் வைத்துப் பயனில்லை. 60 செ.மீ. உயரத்துக்கு ஆயிலின் அழுத்தம் 0.05 பார்தான். 0.2 பாரில் திறக்கும் வால்வு அதைத் தாங்கி மூடியே இருக்கும், சூடான ஐடிலிலும் வழிவிடும். லைன் எப்போதும் நிரம்பியிருப்பது கூடுதல் லாபம். குளிர்ந்த கெட்டி ஆயில் காலி ஹோஸை நிரப்பி டர்போவை எட்ட அரை நிமிடத்துக்கு மேல்கூட ஆகலாம்.

வால்வு மாட்டியும் புகை பாதிதான் குறைந்தது. மீதி, டர்போவிலிருந்து ஆயிலை எஞ்சினுக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைனில் இருந்தது.

எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பை விட டர்போ தாழ்வு என்பதால் ஆயில் முதலில் கீழே ஒரு சிறு டப்பாவில் விழுகிறது. அங்கிருந்து கியர் பம்ப் முன்னால் தள்ளுகிறது. ரிட்டர்ன் ஹோஸ் 4.5 மீட்டர், உள்விட்டம் 11 மி.மீ. கணக்குப் போட்டால் ஹோஸுக்குள் மட்டும் 430 மி.லி. டப்பாவோ 300. நிறுத்திய பிறகு 30 விநாடி பம்பை ஓடவிடும் டைமர் ரிலே டப்பாவைக் காலி செய்யும், ஹோஸைக் காலி செய்யாது. நின்ற கியர் பம்ப் வழியை முழுதாக அடைப்பதும் இல்லை. பல் இடுக்கு வழியாக ராத்திரி முழுக்கக் கசிந்து 430 மி.லி.யும் திரும்பி வந்து, டப்பா நிரம்பி, மிச்சம் டர்போவுக்குள் ஏறுகிறது.

இதற்கு இரண்டு வேலை. பம்ப்பின் அவுட்லெட்டில் லேசான ஸ்பிரிங் உள்ள செக் வால்வு. அதன் துவாரம் ஹோஸ் அளவுக்குக் குறையக் கூடாது. வால்வில் தூசி சிக்கி ஒருநாள் கசியும் என்றே வைத்துக்கொண்டு டப்பாவையும் 750 மி.லி. ஆக்கியாச்சு: ரிட்டர்ன் 430, ஃபீடு 120, மேலே கொஞ்சம் நுரைக்கு. ரிட்டர்ன் முனை எஞ்சினில் ஆயில் மட்டத்துக்கு மேலேதான் சேர வேண்டும். மட்டத்துக்குக் கீழே சேர்த்தால் ஹோஸில் உள்ளது மட்டுமல்ல, சம்ப்பில் உள்ளதும் சைஃபன் ஆகி வரும்.

பம்ப் அளவைப் பற்றி ஒரு புலம்பல். விற்பவர்கள் எழுதும் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் பெரும்பாலும் தடையில்லாத ஓட்டத்துக்கு. சிலர் எந்த திரவத்தில் அளந்தது என்றே சொல்வதில்லை. டர்போவிலிருந்து விழுவதோ பாதி நுரை. ஜர்னல் பேரிங் (ஆயில் படலத்தின் மேல் தண்டு சுழலும் வகை) டர்போவுக்கு, ஃபீடில் 1.5 மி.மீ. துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் போட்டால், 3 பாரில் கணக்குப்படி உச்சம் நிமிடத்துக்கு 1.8 லிட்டர். பேரிங்கின் தடையால் உண்மையில் அதற்கும் குறையும். கணக்கை மட்டும் நம்பாமல் டிரெயின் ஹோஸை அளவுக் குடுவையில் விட்டு, ஆயில் நன்றாகச் சூடானதும் 3000 ஆர்பிஎம்மில் 30 விநாடி பிடித்துப் பாருங்கள். வந்ததைப் போல இரண்டு மடங்காவது பம்ப் இழுக்க வேண்டும். பால் பேரிங் டர்போவுக்கு 1 மி.மீ. போதும், பம்ப்பின் பாடும் குறையும்.

பம்ப் டப்பாவுக்குக் கீழே, ஒட்டி. கியர் பம்ப் தள்ளும், இழுக்கச் சோம்பல். பம்ப்புக்கு முன்னால் கரடான வலை ஒன்று கட்டாயம்; நைஸான வலை குளிர்ந்த ஆயிலில் அடைப்பாகிவிடும். டர்போவிலிருந்து டப்பாவுக்கு ஏஎன்-10, செங்குத்திலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாயாமல். லைன்கள் நிரம்பிய பிறகு டிப்ஸ்டிக் பார்த்து அரை லிட்டருக்கு மேல் ஊற்ற வேண்டியிருக்கும்.

பம்ப் நின்றால் காட்டும் எச்சரிக்கை விளக்கு இன்னும் பாக்கி. ரிட்டர்னில் பிரஷர் ஸ்விட்ச் வைக்கச் சொல்கிறார்கள். சூடான ஆயிலுக்கு அந்த ஹோஸில் ஓடும் தடை, ஏற்றம் எல்லாம் சேர்த்தே 0.1 பார் சுமார். சாதாரண ஸ்விட்ச்சுக்கு அது கண்ணிலேயே படாது. டப்பாவின் முக்கால் உயரத்தில், ஆயில் ஏறினால் மிதந்து தூக்கும் ஃப்ளோட் ஸ்விட்ச் போட்டு, அது தூக்கினால் விளக்கு எரிவதோடு டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பூஸ்ட் கண்ட்ரோல் சாலினாய்டும் கட் ஆகும்படி வயரிங் செய்ய உத்தேசம். வெப்பம் தாங்கும் ஃப்ளோட் கிடைப்பதைப் பொறுத்து. தனி டேங்க், தனி ஃபில்டர், சின்ன கூலர் என்று எஞ்சின் ஆயிலையே தொடாத அமைப்பும் மனதில் இருக்கிறது. ஆனால் அதில் பம்ப் நின்றால் டர்போவுக்கு ஒரு சொட்டும் வராது என்பதால் ஃப்ளோட் வேலை முடியாமல் அதைத் தொடப்போவதில்லை.