பவானிசாகருக்கு மீன் தின்னப் போன கதை

சத்தியமங்கலத்திலிருந்து பவானிசாகருக்கு ஆட்டோவில் 450 ரூபாய் கொடுத்துப் போன புத்திசாலி நான்தான். முதலில் அந்த எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன், அப்புறம் பாம்புக் கதை.

இரண்டு நாள், 1000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தேன். திருப்பூரிலிருந்து கோபி வழியாக சத்தி வந்ததில் சொல்ல ஒன்றுமில்லை. சத்தியில்தான் ஆரம்பித்தது. டவுன் பஸ் "இப்ப வந்துருங்" என்றார்கள். முக்கால் மணி நேரம் கழித்து வந்தது, ஆனால் கிளம்பவில்லை. டிரைவர் டீக்கடைக்குப் போனார். கண்டக்டர் பின்சக்கரத்தை ஒரு உதை உதைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாரும் எறங்கிக்கங்க" என்றார். இதற்காகவே காத்திருந்த மாதிரி ஒரு ஆட்டோ. "திரும்பி வர்றப்ப காலியாத்தானுங் வரோணும்" என்று நியாயம் வேறு.

வழியெல்லாம் மண்ணுளிப் பாம்பு கோடிக்கணக்கில் விலை போகிறது என்று கதை. "தோட்டத்துல கெடச்சாச் சொல்லுங்" என்றார். சுத்தப் பொய்ங்க. மண்ணுளி பாவம், எலியைச் சுற்றி இறுக்கித் தின்றுவிட்டு மண்ணுக்குள் கிடக்கிற சாது. பிடித்து விற்றால் 1972ஆம் வருடச் சட்டத்தில் கம்பி எண்ண வேண்டியதுதான். எல்லாவற்றையும் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். 450இல் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

அணைக்கு வெளியே இருக்கும் மீன் கடைகளைப் பற்றி மட்டும் ஒரு தனிக் கட்டுரை எழுதலாம். கீறல் போட்டு, மிளகாய்த்தூள் உள்ளே இறங்க ஊறிய கட்லாத் துண்டு. ஓரம் மொறுமொறு, நடுவில் வெண்ணெய். இரண்டாவது தட்டு சொல்லும்போது பட்ஜெட் ஞாபகம் வந்தது. மூன்றாவது தட்டில் அதுவும் மறந்துவிட்டது. அணையைப் பார்த்தேனா என்று கேட்காதீர்கள். பார்த்தேன். தண்ணீர் இருந்தது.

ராத்திரி தங்கல், நண்பனுடைய மாமாவின் தோட்டத்து வீட்டில், அங்கே சாளை என்பார்கள். அரிசி பருப்பு சாதத்தில் அத்தை நெய்யை ஊற்றிக்கொண்டிருக்கும்போது, பின்னால் கோழிக்கூண்டுப் பக்கம் போயிருந்த பையன் ஓடிவந்து, "பெரிய பூச்சி, பெரிய பூச்சி" என்றான். பொழுது சாய்ந்தால் அங்கே பாம்பு என்று வாயால் சொல்ல மாட்டார்கள்.

தென்னமட்டைக் குவியலை ஒட்டி மலைப்பாம்பு. என்னைவிட நீளம், தலை மட்டும் தரையோடு ஒட்டிக் கிடந்தது. "லைட்டத் தாழ்த்துங் தம்பி, அது கோழிக்கு வரல" என்றார் மாமா. சிந்திக் கிடந்த தீவனத்துக்குத் தினமும் ஒரு பெருச்சாளி வருமாம். போனில் வீடியோவைப் போட்டுவிட்டு நின்றோம். கால் மணி நேரம் கழித்துப் பெருச்சாளி வந்தது. இருட்டு பாம்புக்கு ஒரு பொருட்டே இல்லை. மலைப்பாம்பின் உதட்டு ஓரத்தில் வரிசையாகக் குழிகள் இருக்கும், சூடான உடம்பு எங்கே நகர்கிறது என்று அவை காட்டிக்கொடுத்துவிடும்.

அடித்ததை நான் பார்க்கவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு நின்றும் பார்க்கவில்லை! பிறகு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒரு படத்தில் தலை தரையில் இருக்கிறது, இரண்டு படம் தள்ளினால் பெருச்சாளி வாயில் இருக்கிறது. 'கண் இமைக்கும் நேரத்தில்' என்று எழுதுவோமே, அதுவே அதிகம். அமெரிக்காவில் 2016இல் அளந்திருக்கிறார்கள்: பாம்பின் பாய்ச்சல் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிகிறது, இமை ஒருமுறை மூடித் திறக்க அதைப்போல் இரண்டு மடங்கு ஆகிறது. விரியன்தான் வேகம் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்க, அங்குள்ள விஷமில்லாத எலிப்பாம்பு ஒன்று அதற்குச் சமமாகப் பாய்ந்ததாம்.

கவ்வியதும் இரண்டு சுற்று. பற்கள் உள்நோக்கி வளைந்தவை, இழுக்க இழுக்க இன்னும் ஏறும். "எலும்பெல்லாம் மாவாயிருக்கும்" என்றார் மாமா. "இல்லீங், மூச்சடச்சுத்தான் சாகும்" என்றார் அத்தை. நானும் அத்தை கட்சிதான். ஆனால் உதறிக்கொண்டிருந்த கால் அத்தனை சீக்கிரம் ஓய்ந்ததுதான் உறுத்தியது.

தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால் மட்டும்தான் சிக்னல். அங்கே உட்கார்ந்து படித்தேன், இருவர் சொன்னதும் தப்பு. 2015இல் ஸ்காட் போபாக் என்பவரின் குழு, மயக்க மருந்து கொடுத்த எலிகளின் ரத்தக் குழாயில் கருவி வைத்து, போவா பாம்பை இறுக்கவிட்டுப் பார்த்திருக்கிறது. ஆறே நொடியில் தமனியில் ரத்த அழுத்தம் பாதியாகிவிட்டது. இதயத்துக்குத் திரும்பும் சிரைப் பக்கம் அழுத்தம் ஆறு மடங்கு ஏறிவிட்டது. ரத்தம் ஓடவில்லை என்றால் மூளைக்கு நொடிக்கணக்குதான். மூச்சு முட்டிச் சாக அதைவிட நேரம் பிடிக்கும். போவா நம் மலைப்பாம்பின் இனமில்லை, ஆனால் பிடிக்கிற பிடி ஒன்றுதான். இறங்கிவந்து சொன்னதும் மாமா பட்டென்று பிடித்துக்கொண்டார்: "அப்ப கேட்வால்வ அடச்சுட்டு மோட்டாரப் போட்ட கதைங்." இதைவிட நன்றாக என்னால் விளக்கியிருக்க முடியாது.

இன்னொன்றும் கவனித்தேன். முன் உடம்பு கல் மாதிரி இறுகிக் கிடக்க, பின்பாதி மட்டும் மெதுவாக உப்பி இறங்கியது. இறுக்கும்போது விலாவை விரிக்க முடியாதே, பாம்பு எப்படி மூச்சு விடும்? இதையும் 2022இல் சோதித்திருக்கிறார்கள்: ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்க்கும் பட்டையை போவாவின் உடம்பில் கட்டி ஒரு பகுதி விலாவை அமுக்கினால், அது வேறு பகுதி விலாவை அசைத்து மூச்சு விடுகிறது. காற்றுக் குறைந்து எலியும் சாகவில்லை, பாம்பும் திணறவில்லை என்று சொல்லலாம் போல.

சில நிமிடத்தில் சுற்று தளர்ந்தது. நாக்கை நீட்டி நீட்டி மோப்பம் பார்த்து, மூக்குப் பக்கம் கண்டுபிடித்து, அங்கிருந்து விழுங்க ஆரம்பித்தது. தாடை கழன்றுகொள்ளும் என்பதும் கட்டுக்கதை. கீழ்த்தாடையின் இரண்டு எலும்பும் முன்னால் ஒட்டாமல், இழுபடும் தசைநாரால் சேர்ந்திருக்கின்றன. இடது பக்கம் ஒரு எட்டு, வலது பக்கம் ஒரு எட்டு என்று பெருச்சாளியின் மேல் வாய் நடந்துபோனது. வாய் அடைத்துக் கிடக்கையில் வாயின் அடிப்பக்கத்திலிருந்து சின்னக் குழாய் ஒன்று வெளியே எட்டிப் பார்த்தது: மூச்சுக்குழல். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் சாதம் ஆறிப் போயிருந்தது, அப்படியே சாப்பிட்டேன்.

காலையில் வயிறு புடைத்து மட்டைக்கடியில் படுத்திருந்தது. வாழைக்கு எலித்தொல்லை குறையும், கிடக்கட்டும் என்றார் மாமா. கோழிக்கு யார் ஜவாப் என்றார் அத்தை. அத்தைதான் ஜெயித்தார், வனத்துறை ஆள் சாக்கோடு வந்தார்.

திரும்பும்போது பஸ் நேரத்துக்கு வந்தது, டிக்கெட் 20 ரூபாய்கூட இல்லை. முன் சீட்டு அம்மா பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நேத்து ராத்திரி ஒரு தோட்டத்துல பதினஞ்சு அடிங், முழு ஆட்ட முழுங்கிப்போடுச்சாம்." போனில் சார்ஜ் இல்லை. பேசாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.