ஜெர்மனி இன்சூரன்ஸ்: அந்த விலக்குப் படிவத்தில் கையெழுத்துப் போடாமல் தப்பித்தேன்

நேற்று மாலைதான் என்ரோல்மெண்ட் உறுதியானதாக, ஜெர்மனியில் நான் படிக்கப்போகும் பல்கலைக்கழகத்திலிருந்து மெயில் வந்தது. மூன்று வாரமாகச் சரியான தூக்கம் இல்லை. நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ் சான்றிதழ், அங்கே செலவுக்கென்று 11,904 யூரோ போட்டு, மாதாமாதம் மட்டும் எடுக்க முடிகிற பிளாக்டு அக்கவுண்ட், சென்னைக்குப் போய்க் கொடுத்த விசா விண்ணப்பம் எல்லாம் பெரிய சிக்கல் இல்லாமல் முடிந்தன. ஹெல்த் இன்சூரன்ஸில்தான் மாட்டிக்கொண்டேன்.

அங்கே தங்கிப் படிக்க இன்சூரன்ஸ் கட்டாயம் என்பது எனக்கும் தெரியும். எந்த இன்சூரன்ஸ் என்பதில்தான் ஏமாந்தேன். மதுரை காளவாசல் பக்கம் நான் போன வெளிநாட்டுப் படிப்புக் கன்சல்டன்சியில், பிளாக்டு அக்கவுண்ட்டோடு சேர்த்து ஒரு தனியார் பாலிசியையும் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரு வருடத்துக்கு 35,000 ரூபாய். அப்பா கீழமாசி வீதியில் ஒரு மளிகை மண்டியில் கணக்கு எழுதுகிறார். அவருக்கு அது சின்னத் தொகை இல்லை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு, அதற்கும் சேருமா என்று கேட்டேன். "எல்லாம் கவராகும் சிஸ்டர், நம்ம ஸ்டூடண்ட்ஸ் எல்லாரும் இதுதான் எடுக்கறாங்க" என்றார் அங்கிருந்த கவுன்சிலர்.

ஆகஸ்ட் கடைசியில் பல்கலைக்கழகம் அந்தப் பாலிசியை ஏற்க முடியாது என்று எழுதியது. அரசு சட்டத்தின்படி நடக்கும் பப்ளிக் இன்சூரன்ஸ் நிறுவனம் ஒன்றிலிருந்து நம் இன்சூரன்ஸ் நிலையைச் சொல்லும் 'எம் 10' என்ற மின்னணுத் தகவல் நேரே அவர்களுக்குப் போக வேண்டும். 2022-லிருந்து இதுதான் முறை. நாம் ஸ்கேன் செய்து அனுப்பும் காகிதத்துக்கு மதிப்பில்லை. கடைசித் தேதி செப்டம்பர் 15.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுநாளே திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறினேன். அன்று பிட்டுத் திருவிழா. புட்டுத்தோப்புக்குப் போகும் கூட்டத்தில் ஆரப்பாளையம் பக்கமே நகர முடியவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்தால் கவுன்சிலர் லீவு. அவருக்குப் பதிலாக விவரம் சொல்லக்கூட ஆள் இல்லை. அடுத்த நாள் திரும்பவும் போனேன். ஒரு படிவத்தை நீட்டினார். "இது பப்ளிக் இன்சூரன்ஸ்லேருந்து விலக்கு கேக்குற ஃபார்ம். ஒரு கையெழுத்துப் போடுங்க, பப்ளிக் கம்பெனியே யூனிவர்சிட்டிக்கு மெசேஜ் அனுப்பிடும். மாசம் நூறு யூரோ மிச்சம்" என்றார்.

பேனாவை எடுத்துவிட்டேன். அப்பா பணம் மிச்சமாகும் என்றால் யாருக்குத்தான் கை நீளாது? ஆனாலும் ஏதோ உறுத்த, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று வாங்கி வந்தேன். அன்று இரவு அங்கே படிக்கும் உசிலம்பட்டி அக்கா ஒருவரிடம் போனில் பேசினேன். "அதுல மட்டும் கையெழுத்துப் போட்றாதம்மா" என்றார் எடுத்த எடுப்பிலேயே. அந்த விலக்கை ஒருமுறை வாங்கிவிட்டால் படிப்பு முடியும் வரை பப்ளிக் இன்சூரன்ஸுக்குத் திரும்ப வழியில்லை. அதைக் கேட்டதும் என் பாலிசியைத் திறந்து வரி வரியாகப் படித்தேன். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காப்பீடு இல்லை என்று எட்டாம் பக்கத்தில் தெளிவாகவே போட்டிருந்தது. குளிர் ஊரில், வீசிங்கோடு, அந்தப் பாலிசியை மட்டும் நம்பி இரண்டு வருடம் இருந்திருப்பேன். இதை எழுதும்போதும் பகீர் என்கிறது.

30 வயதுக்குள் இருக்கும் மாணவர் என்றால் பப்ளிக் நிறுவனம் நோயைக் காட்டி மறுக்க முடியாது. மாதம் 140 யூரோவுக்கு மேல் ஆகும். 23 வயது தாண்டி, குழந்தை இல்லாதவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். 30-ஐத் தாண்டியவர்களுக்கு இந்த மாணவர் கட்டணம் கிடையாது, அவர்கள் முன்கூட்டியே வேறு வழி விசாரித்துவிடுங்கள். விண்ணப்பம் ஆன்லைனில்தான். பாஸ்போர்ட், அட்மிஷன் லெட்டர், போட்டோ கொடுத்தேன், அரைமணி நேரத்தில் முடிந்தது. முன்பணம் எதுவும் கேட்கவில்லை.

அப்புறம்தான் அடுத்த சோதனை. எம் 10 அனுப்பிவிட்டதாக நிறுவனம் சொல்கிறது, எதுவும் வரவில்லை என்கிறது பல்கலைக்கழகம். இரண்டு நாள் மெயில் மேல் மெயில் போட்ட பிறகு காரணம் புரிந்தது: பெயர். நம் ஊர்ப் பாஸ்போர்ட் பலவற்றைப் போல எனதிலும் சர்நேம் இடம் காலி. என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்தே கிவன் நேமில் இருக்கின்றன. பல்கலைக்கழகத் தளம் சர்நேம் இல்லாமல் நகராது என்பதால் அங்கே அப்பா பெயரைப் போட்டிருந்தேன். இன்சூரன்ஸ் படிவத்தில் அதையே தலைகீழாக நிரப்பியிருக்கிறேன். இரண்டும் பொருந்தாததால் என் தகவல் எங்கோ தனியாகக் கிடந்திருக்கிறது. இனிஷியலோடு வாழும் நாம் எல்லாரும் கவனிக்க வேண்டிய இடம் இது. பல்கலைக்கழகத்தில் எந்த எழுத்து, எந்த வரிசையோ, இன்சூரன்ஸிலும் அதே எழுத்து, அதே வரிசை. பெயரைத் திருத்தச் சொல்லி எழுதினேன். 12-ஆம் தேதி மறுபடி அனுப்பினார்கள், இந்த முறை போய்ச் சேர்ந்தது.

இன்னொன்று. மாணவர் காப்பீடு அக்டோபர் 1, செமஸ்டர் தொடங்கும் நாளில்தான் ஆரம்பிக்கிறது. நான் செப்டம்பர் 22-ஆம் தேதியே அங்கே இறங்குகிறேன். இடைப்பட்ட நாட்களுக்குத் தனியாகப் பயணக் காப்பீடு எடுத்திருக்கிறேன். முன்னதாகப் போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

பழைய பாலிசிப் பணம் திரும்பாது என்று கன்சல்டன்சியில் அடித்துச் சொன்னார்கள். அவர்களை விட்டுவிட்டுப் பாலிசி கொடுத்த நிறுவனத்துக்கே நேராக எழுதினேன். தொடங்கும் தேதிக்கு முன்பே ரத்து செய்ததால் சேவைக் கட்டணம் மட்டும் பிடித்துக்கொண்டு மீதியை இன்று காலை அனுப்பிவிட்டார்கள். மண்டிக்குப் போன் போட்டு அப்பாவிடம் முதலில் அதைத்தான் சொன்னேன்.