பேரும் பிறந்த தேதியும்

ஸ்கேன் பிரிவில் வேலை என்று சொன்னால் போதும், புதிதாகப் பழகுகிறவர்கள் கேட்டுவிடுவார்கள்: "பெரிய ஆளுங்க யாராவது வந்திருக்காங்களா?" வந்திருக்கிறார்கள். திரையில் பார்த்தவர்கள், மேடையில் கேட்டவர்கள், மைதானத்தில் ஓடியவர்கள் என்று பலர் எங்கள் மேசையில் படுத்து எழுந்து போயிருக்கிறார்கள். அவர்கள் யார் என்று நான் சொல்ல மாட்டேன். இங்கே எழுதுவதிலும் ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களை மாற்றியோ விட்டோதான் எழுதுகிறேன். ஆனால் அந்தச் சந்திப்புகள் எனக்கு என் வேலையைப் பற்றிக் கற்றுக்கொடுத்ததைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

எக்ஸ்ரேயோ, சி.டி.யோ, எம்.ஆர்.ஐ.யோ, ஒருவரை உள்ளே அழைத்ததும் அவருடைய பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். "நீங்க இன்னார்தானே?" என்று நாமே சொல்லி அவரைத் தலையாட்ட வைக்கக் கூடாது. வலியிலும் பயத்திலும் இருக்கிறவர் எதற்கும் தலையாட்டிவிடுவார். அவர் சொன்னதைக் கைப்பட்டையோடும் டாக்டர் எழுதிய சீட்டோடும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. ஆள் மாறிப்போனால் ஒருவருக்கு வேண்டாத கதிர்வீச்சு, இன்னொருவருக்குத் தப்பான ரிப்போர்ட். குறைந்தது இரண்டு அடையாளங்களையாவது சரிபார்க்க வேண்டும் என்று உலகம் முழுக்க மருத்துவமனைகளில் விதி வைத்திருப்பது இதனால்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நடிகர் நெஞ்சு எக்ஸ்ரேக்கு வந்தார். வெறும் நடிகர் என்று சொன்னால் போதாது. அந்தக் கட்டடத்தில் அவர் முகம் தெரியாத ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார். அன்று என்னோடு டியூட்டியில் இருந்தவர் எங்கள் சீனியர் அக்கா. சீட்டை எடுத்தார், நிமிர்ந்து பார்த்தார், எல்லோரிடமும் கேட்கும் அதே குரலில் கேட்டார்: "உங்க பேர் சொல்லுங்க சார்." ஒரு நொடி அறையில் சத்தமே இல்லை. அவர் தன் முழுப் பெயரையும் சொன்னார். போஸ்டரில் இருக்கிற பெயர் இல்லை, அப்பா அம்மா வைத்த பெயர். அப்புறம் பிறந்த தேதி. பத்திரிகைகளில் வந்த வயதுக்கும் அதற்கும் வித்தியாசம் இருந்தது. அக்கா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "தாடையைக் கொஞ்சம் தூக்குங்க, கை ரெண்டையும் இடுப்புல வைங்க, தோளை முன்னாடி கொண்டு வாங்க. மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க." படம் எடுத்தாயிற்று. வரும்போது விறைப்பாக வந்த மனிதர், போகும்போது சட்டைப் பொத்தானைப் போட்டபடி அந்த அறையின் குளிரைப் பற்றி அக்காவிடம் பேசிக்கொண்டே போனார்.

அவரைப் போய்ப் பேர் கேட்க வேண்டுமா என்று நான் பிறகு கேட்டேன். "அவர் முகம் நமக்குத் தெரியும் தம்பி. ஆனா இந்தச் சீட்டு அவரோடதுதானான்னு முகத்தைப் பார்த்தா தெரியுமா?" என்றார் அக்கா. அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. விதியைக் காப்பாற்றத்தான் அவர் அப்படிச் செய்தார் என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. தன் பெயரைச் சொல்லும்படி அந்த நடிகரைக் கேட்டு எத்தனை வருடம் ஆகியிருக்கும்? எங்கே போனாலும், அவர் வாயைத் திறக்கும் முன்பே மற்றவர்கள் அவரை முடிவு செய்துவிடுகிறார்கள். தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்ள அக்கா அவருக்கு இடம் கொடுத்தார்.

அடையாளமே தெரியாமல் போகிற நாட்களும் உண்டு. மருத்துவமனை கவுன், கலைந்த தலைமுடி, கண்ணாடி, மேக்கப் இல்லாத முகம். வேலை முடிந்து அவர் கிளம்பிய பிறகு யாராவது ஓடி வந்து, "யார் போறாங்கன்னு தெரியுமா?" என்று கேட்கும்போதுதான் தெரியும். ஜார்ஜ் மாண்ட்லர் என்ற உளவியலாளர் 1980-ல் இதற்கு ஒரு நல்ல உதாரணம் சொன்னார். வழக்கமாகக் கறி வாங்கும் கடைக்காரரைப் பேருந்தில் பார்க்கிறோம். தெரிந்த முகம் என்று மட்டும் தோன்றுகிறது. யார், எங்கே பார்த்தோம் என்பது பிடிபடவில்லை. முகத்தோடு இடத்தையும் சேர்த்துத்தான் நாம் ஆட்களை நினைவு வைத்துக்கொள்கிறோம்.

2007 ஜனவரி 12 அன்று வாஷிங்டன் மெட்ரோ நிலையம் ஒன்றில் நடந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். உலகப் புகழ் பெற்ற வயலின் கலைஞர் ஜோஷுவா பெல், தலையில் தொப்பியோடு காலை நெரிசல் நேரத்தில் 43 நிமிடம் வாசித்தார். கையில் இருந்தது 1713-ல் செய்யப்பட்ட ஸ்ட்ராடிவேரியஸ் என்ற அரிய வயலின். வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் ஏற்பாடு செய்த சோதனை அது. 1,097 பேர் கடந்து போனார்கள். ஒரு நிமிடமாவது நின்று கேட்டவர்கள் ஏழு பேர். அவரை அடையாளம் கண்டுகொண்டவர் ஒரே ஒரு பெண். அவர் சில வாரங்களுக்கு முன்புதான் பெல்லின் கச்சேரி ஒன்றைக் கேட்டிருந்தார். ரசனை இல்லாத கூட்டம் என்று அந்தப் பயணிகளைப் பலரும் திட்டினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியவர்களிடம், எதிர்பாராத இடத்தில் ஒரு மேதை நின்றால் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று கேட்பது நியாயம் இல்லை.

நான் அதிகம் நினைத்துப் பார்ப்பது, நோயாளியாக வந்த பிரபலம் யாரையும் அல்ல. நோயாளியோடு துணைக்கு வந்த ஒருவரை. மக்களைச் சிரிக்க வைப்பது அவர் தொழில். வயதான அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். அம்மா கீழே விழுந்திருந்தார். இடுப்பைப் பிடித்தபடி ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் கூடம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. முதலில் ஒருவர் வந்து கை கொடுத்தார். அப்புறம் ஒரு குடும்பம் வந்தது. அப்புறம் செல்போன்கள். ஒருவர், படத்தில் அந்த அம்மா வராமல் இருப்பதற்காக, நாற்காலியை லேசாக ஓரம் தள்ளிவிட்டு நின்றார். நாற்காலி அசைந்ததும் வலியில் அந்த அம்மாவின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். மகன் எல்லோருக்கும் சிரித்தார். ஒரு கை மட்டும் அம்மாவின் தோளை விட்டு நகரவே இல்லை. யாராவது ஒருவருக்கு முடியாது என்று சொல்லியிருந்தால் மாலைக்குள் அது செய்தியாகியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

விழுந்து அடிபட்ட முதியவர்களை வரிசை பார்க்காமல் முன்னால் எடுப்பது எங்கள் வழக்கம்தான். நான் வெளியே போய் அந்த அம்மாவின் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டேன். மகனின் பெயரை அல்ல. இரண்டு பேரும் உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் மகன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அந்த அம்மா முதலில் கேட்டது: "எல்லாரும் போட்டோ எடுத்துட்டாங்களாப்பா? பாவம், யாரும் ஏமாந்து போயிடக் கூடாது."

அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களும் யாரோ ஒருவரின் வலிக்காக வந்து காத்திருந்தவர்கள்தான். ஆனால் அவர் வருடக்கணக்காக அவர்கள் வீட்டுக்குள் வந்து பேசியிருக்கிறார், அவர்கள் கஷ்டத்தில் இருந்தபோது சிரிக்க வைத்திருக்கிறார். டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு ஆய்வாளர்கள், தொலைக்காட்சி பரவிக்கொண்டிருந்த 1956-லேயே இதைப் பற்றி எழுதினார்கள். திரையில் தோன்றுகிறவரோடு பார்வையாளருக்கு நெருங்கிய பழக்கம் போன்ற ஓர் உணர்வு வந்துவிடுகிறது, அந்த உறவு ஒரு பக்கமாகவே இருக்கிறது என்றார்கள். நமக்கு அவர் சொந்தக்காரர். அவருக்கு நாம் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கும் ஆள். அன்பு உண்மையானதுதான். அந்த அன்பின் பேரால் ஒரு நாற்காலி நகர்ந்துவிட்டதே என்பதுதான் எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

எங்கள் வேலையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. உடலின் உள்ளே இருப்பதை நாங்கள் பார்க்கிறோம். பார்த்ததை வெளியே சொல்லிவிடும் ஆசை பலரைக் கெடுத்திருக்கிறது. 1954-ல் எடுக்கப்பட்ட, ஹாலிவுட் நடிகை மர்லின் மன்றோவின் நெஞ்சு எக்ஸ்ரே படங்கள் 2010-ல் ஏலத்தில் 45,000 டாலருக்கு விலை போயின. அவர் இறந்து அப்போது கிட்டத்தட்ட 48 வருடம் ஆகியிருந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு மனசே சரியில்லை. ஒரு டெக்னீஷியன் சொல்லச் சொல்ல, ஒரு பெண் மூச்சைப் பிடித்து நின்ற நேரத்தில் எடுத்த படம் அது. ஏலத்துக்காக அவர் நிற்கவில்லை.

இப்போது எல்லாம் கணினியில். எந்தப் படத்தை யார் எப்போது திறந்தார்கள் என்பது பதிவாகிவிடும். 2007-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் காயமடைந்த ஹாலிவுட் நடிகர் ஜார்ஜ் க்ளூனி நியூ ஜெர்சியில் ஒரு மருத்துவமனைக்குப் போனார். வேலைக்குச் சம்பந்தம் இல்லாமல் அவருடைய விவரங்களை எட்டிப் பார்த்ததாக ஊழியர்கள் 27 பேரைச் சம்பளம் இல்லாமல் தற்காலிகமாக நிறுத்திவைத்தார்கள். அந்தரங்கம் முக்கியம்தான், ஆனால் ஊழியர்களை நிறுத்திவைக்காமல் இதைத் தீர்க்க முடிந்தால் நல்லது என்ற பொருளில் க்ளூனி அறிக்கை விட்டார். அவருடைய பெருந்தன்மையை மதிக்கிறேன். ஆனாலும் நான் மருத்துவமனையின் பக்கம்தான். எங்களை நம்பிச் சட்டையைக் கழற்றுகிறவர், ஆர்வம் தாங்காமல் நாங்கள் எட்டிப் பார்ப்பதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஒரு பாடகர் வயிற்று ஸ்கேனுக்கு வந்தபோது, மூச்சை அடக்கச் சொன்ன இடத்திலெல்லாம் கொஞ்சமும் அசையாமல் அடக்கினார். பலர் திணறும் வேலை அது. அன்று அவ்வளவு தெளிவாக வந்த படங்களைப் பார்க்கையில் எனக்கு வந்த சந்தோஷம், அவர் பாட்டைக் கேட்டபோது வந்த சந்தோஷத்துக்குக் குறைந்தது இல்லை.

கடைசியாக ஒரு விளையாட்டு வீரர். களத்தில் பயமே தெரியாதவர் என்று பெயர். எம்.ஆர்.ஐ. குழாயின் அகலம் பெரும்பாலும் 60 அல்லது 70 சென்டிமீட்டர்தான். உள்ளே போனதும் அவருக்கு மூச்சு முட்டியது. எங்களைக் கூப்பிடுவதற்காகக் கையில் கொடுத்திருந்த பந்தை அழுத்தினார், வெளியே எடுத்தேன். பயப்படுகிற எல்லோருக்கும் நான் செய்வதைத்தான் அவருக்கும் செய்தேன். "இதோ முடிஞ்சிடும்" என்று சொல்லவே மாட்டேன். "அடுத்த படம் நாலு நிமிஷம். சத்தம் பலமா இருக்கும். அப்புறம் இன்னொரு படம், அது ரெண்டு நிமிஷம்" என்று ஹெட்போனில் ஒவ்வொன்றையும் கணக்காகச் சொல்வேன். சொன்ன கணக்கு சரியாக இருந்தால் மனசு அதைப் பிடித்துக்கொண்டு தாங்கிவிடுகிறது. இரண்டாவது முறை அவர் முழுதாக முடித்தார்.

பல வருடம் கழித்து ஒரு விமான நிலையத்தில், பாதுகாப்புச் சோதனைக்கான வரிசையில் மகளோடு நின்றிருந்தேன். அவள் நிற்க மாட்டேன் என்று அடம் பிடித்தாள். "அசையாம நில்லும்மா, இன்னும் ரெண்டு நிமிஷம்தான்" என்றேன். பின்னால் நின்றிருந்தவர் சட்டென்று என் பக்கம் திரும்பி, யார் என்று பிடிபடாமல் என் முகத்தையே பார்த்தார். முகக்கவசம், தொப்பி. அந்தக் கண்களைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நானாக ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவரே, "அந்தக் குழாய்க்குள்ள பேசினது நீங்கதானே?" என்றார். ஆமாம் என்றேன். குனிந்து என் மகளிடம் சொன்னார்: "உங்கப்பா ரெண்டு நிமிஷம்னு சொன்னா ரெண்டே நிமிஷம்தான் பாப்பா. நம்பலாம்."