சாவியில் நகரும் கார்

எங்கள் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் ஒரு பக்கம் தூண், மறுபக்கம் எதிர் வீட்டுக்காரரின் பெரிய வண்டி. தினமும் வயிற்றை எக்கிக்கொண்டுதான் இறங்குகிறேன். போன வாரம் நண்பர் டாடாவின் மின்சாரக் காரான ஹாரியர் ஈவியில் வந்தார். வெளியே நின்று சாவியை அழுத்தினார். கார் சமர்த்தாகப் பின்னால் போய் நின்றது. பொறாமையாகத்தான் இருந்தது!

நேராக நாலடி நகர்வதற்கு இது உண்மையிலேயே உதவும். ஆளைத் தேடி வருவதுதான் வேறு சங்கதி. போனில் கூப்பிட்டால் கார் தானே நம்மிடம் வரும் 'ஸ்மார்ட் சம்மன்' வசதியை டெஸ்லா 2019-லேயே கொண்டுவந்தது. அதன் புதிய வடிவம் கம்பங்களிலும் நிறுத்தியிருந்த வண்டிகளிலும் இடித்ததாகப் புகார் வர, 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு சுமார் 26 லட்சம் கார்கள் தொடர்பாக விசாரணை தொடங்கியது. தி.நகரில் அப்படிக் கூப்பிட்டால், கார் வருவதற்குள் நான் ஆட்டோ பிடித்து வீட்டுக்கே போய்விடுவேன்.