மலையகத்தில் இசைக் காணொளி எடுக்கப்போகும் உயர்தர மாணவர்களுக்கு

உயர்தர ஊடகக் கற்கைக்கு இசைக் காணொளி எடுக்கப்போகிறோம் என்று வரும் தம்பி, தங்கைகளிடம் "பாட்டு எதைப் பற்றியது?" என்று கேட்பேன். பதிலாகப் பெரும்பாலும் ஓர் இடப்பட்டியல் வரும்: சென் கிளேயர் அருவி, ஒன்பது வளைவுப் பாலம், லிப்டன் சீட், காசல்ரீ நீர்த்தேக்கம். நம் ஊர் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகைச் சுற்றுலா விளம்பரங்களும் திருமணப் புகைப்படக்காரர்களும் எப்போதோ பிழிந்தெடுத்துவிட்டார்கள். பாலத்தின் மேல் கைகளை விரித்து நிற்கும் பாடகரைப் பார்த்து, அவர் யார், எதைப் பாடுகிறார் என்று யாராலும் சொல்ல முடியாது. காதல் பாட்டு, பிரிவுப் பாட்டு, பிறந்தநாள் பாட்டு எல்லாவற்றுக்கும் அதே பச்சைச் சரிவைப் பின்னால் வைத்துவிடலாம் என்பதே அதன் குறை.

கேம்பிரிட்ஜ் உயர்தர ஊடகக் கற்கையில், மேம்பட்ட தொகுப்பு எனப்படும் செய்முறைப் பகுதிக்கு இசை விளம்பரத் தொகுதியைத் தெரிவுசெய்தால், இசைக் காணொளி முதன்மை ஆக்கம். கலைஞரின் சமூக ஊடகப் பக்கமும், டிஜிபாக் எனப்படும், இசைத்தட்டுக்கான மடிப்பு அட்டை உறையும் துணை ஆக்கங்கள். தனியாகவோ நான்கு பேருக்கு மேற்படாத குழுவாகவோ செய்யலாம். திட்டமிடலுக்கும், இறுதியில் எழுதும் பிரதிபலிப்புக் கட்டுரைக்கும் தனிப் புள்ளிகள் உண்டு. பலரும் காணொளியை முடித்துக் களைத்துப்போய், ஒப்படைக்கும் வாரத்தில் உறையை ஒப்பேற்றுகிறார்கள். ஆனால் ஆக்கங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே கலைஞரின் அடையாளத்தை எப்படி உருவாக்குகின்றன என்பது அந்தக் கட்டுரையில் நேராகவே கேட்கப்படும் கேள்வி. ஆகவே உறையை முதலில் யோசியுங்கள். படப்பிடிப்புக்குப் புறப்படும் முன்பே உறையின் பென்சில் வரைபு கையில் இருக்கட்டும்.

எங்கள் குழு தெரிவுசெய்தது ஹட்டன் பக்கத்து இளைஞர் ஒருவர் தானே எழுதி மெட்டமைத்த பாட்டு. கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் அண்ணன் தீபாவளிக்கு வீட்டுக்கு வருவதைத் தங்கை எதிர்பார்த்திருக்கிறாள். மலையகத்தில் இந்தக் கதை இல்லாத லயத்து வரிசை வீடு ஏது? தெரிந்தவரின் பாட்டாக இருந்தாலும் பயன்படுத்தும் அனுமதியை எழுத்தில் வாங்கினோம். பாட்டு, மெட்டு, ஒலிப்பதிவு மூன்றுக்கும் உரிமை ஒருவரிடமே இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தாளத்துக்கு நண்பர் யாராவது தப்பு மேளம் வாசித்திருப்பார். அவரிடமும் ஒரு சொல் கேட்பதுதான் முறை.

வரிகளைத் தாளில் எழுதி ஒவ்வொன்றுக்கும் எதிரே "இதைக் காட்டலாமா, மறைக்கலாமா?" என்று குறித்தோம். இசைக் காணொளிகளை ஆராய்ந்த ஆண்ட்ரூ குட்வின், வரிகளும் காட்சிகளும் மூன்று விதமாக உறவாடும் என்கிறார்: காட்சி வரியை அப்படியே விளக்கலாம், அதன் பொருளைப் பெருக்கலாம், அதோடு ஒட்டாமல் முரணாகவும் நிற்கலாம். கட்டுரையில் இதை மேற்கோள் காட்டாத மாணவர் அரிது. படப்பிடிப்புக்கு முன் பயன்படுத்துபவர்தான் அரிது. "அண்ணன் வருவான்" என்று பாட்டு பாடும்போது அண்ணனைக் காட்டினால் கதை அங்கேயே முடிந்துவிடும். அதனால் கடைசிவரை அவன் முகத்தைக் காட்டுவதில்லை, அவனுடைய பயணப் பையை மட்டும் காட்டுவது என்று முடிவெடுத்தோம். பஸ்ஸில் இருக்கைக்கு மேலுள்ள தட்டில் பை, ஹட்டன் பஸ் நிலையத்தின் ஈர நிலத்தில் பை, வீட்டு வாசல் இஸ்தோப்பில் இறக்கிவைத்த பை. உறையும் அதிலிருந்தே பிறந்தது: தோட்டப் பாதையோரத்து பஸ் தரிப்பிடத்தில் தனியாகக் கிடக்கும் பை. சமூக ஊடகப் பக்கத்தின் முகப்புப் படமும் அந்தப் பையின் பிடிதான். இப்படி ஒரு பொருளோ நிறமோ செய்கையோ கிடைத்துவிட்டால் இடத்தேர்வு எளிது. அந்தப் பை போகாத இடத்துக்குக் கமராவும் போகவேண்டியதில்லை. அருவி தானாகவே பட்டியலிலிருந்து விழுந்துவிட்டது.

அடுத்தது கணக்கு வேலை. சலிப்பானதுதான், ஆனால் படத்தொகுப்பில் கண்ணீர் வராமல் காப்பாற்றுவது இதுவே. பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 100 தட்டு என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 25 சட்டகம், அதாவது 25 தனிப்படம், எடுத்தால் ஒரு தட்டுக்குச் சரியாக 15 சட்டகம், நான்கு தட்டு கொண்ட ஒரு சுற்றுக்கு 60. எந்தக் காட்சி எத்தனை சுற்று நிற்கும் என்பதை, காட்சிகளை வரிசையாக வரைந்துவைக்கும் கதைப்பலகையிலேயே எழுதிவிடலாம். பிறகு அந்தக் கோட்டுச் சித்திரங்களைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து, பாட்டின் மேல் வரிசையாக அடுக்கி ஓடவிட்டுப் பாருங்கள். தாளில் அருமையாகத் தெரிந்த பல காட்சிகள் அங்கே இழுவையாகத் தெரியும். அப்போதே வெட்டினால் ஒரு நாள் பஸ் செலவு மிச்சம்.

வானிலையை யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை. மலையகத்தில் அதுதான் முதற்பக்கத்தில் இருக்கவேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன், நோர்வூட், தலவாக்கலைப் பக்கத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். அதே மாதங்களில் ஊவாப் பக்கம், அதாவது அப்புத்தளை, பண்டாரவளை, வெலிமடை, ஓரளவு காய்ந்திருக்கும். பட்டிப்பொலவுக்கும் ஒஹியாவுக்கும் இடையிலுள்ள ரயில் சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் மழையும் அந்தப் பக்கம் வெயிலுமாக இருப்பதை அந்தப் பாதையில் போகிறவர்கள் அறிவார்கள். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை எங்கும் உண்டு; அதன் பின் வடகீழ்ப் பருவமழை ஊவாவுக்கு வரும். மேற்குச் சரிவில் படமெடுக்க ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை நல்ல காலம். எங்கள் பாட்டு தீபாவளிப் பாட்டு, தீபாவளியோ மழைக்காலத்தில் வருவது. ஆகவே பண்டிகைக் காட்சிகளை வீட்டுக்குள்ளும் இரவிலும் வைத்து, பயணக் காட்சிகளை ஜனவரியில் எடுத்தோம். ஈர நிலத்துக்கு ஒரு வாளித் தண்ணீர் போதுமாயிருந்தது.

பனிமூட்டத்தை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். ஒரு காட்சியின் முதற்பாதியில் இருக்கும், மறுபாதியில் கலைந்துவிடும். இரண்டையும் ஒட்டினால் ஒட்டாது. மூட்டம் வேண்டுமென்றால் அந்தக் காட்சியின் எல்லாக் கோணங்களையும் ஒரே மூச்சில் எடுத்துவிடுங்கள். கைத்தொலைபேசியில் எடுப்பவர்கள் வெளிச்ச அளவையும், வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிற அமைப்பான வெண்சமநிலையையும் பூட்டிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் மூட்டம் வந்துபோகும் ஒவ்வொரு தடவையும் படம் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் தாவும். குளிரிலிருந்து அடுப்பெரியும் காம்பராவுக்குள் கமராவை நேராகக் கொண்டுபோனால் வில்லையில் நீர் படியும். காற்றுப் புகாத பொலித்தீன் பையில் இறுகக் கட்டி உள்ளே கொண்டுபோய், அறையின் சூட்டுக்கு வந்தபின் திறங்கள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால், விளக்கொளியில் எடுக்கும்போது ஷட்டர் வேகத்தை நொடியில் ஐம்பதில் ஒன்றாகவோ நூறில் ஒன்றாகவோ வைத்தால் படம் துடிக்காது.

பாடகர் வாயசைக்கும் காட்சிகளில் ஒலிபெருக்கியை அவருக்குப் பக்கத்திலேயே வையுங்கள். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர்தான் போகும். சரிவின் அடியில் ஒலிபெருக்கியும் 35 மீற்றர் மேலே பாடகருமாக நின்றால் பத்தில் ஒரு நொடி, அதாவது இரண்டரைச் சட்டகம் பிந்திவிடும். உதடு ஒட்டாமல் தெரிய அது போதும். பாடகரை உரக்கவே பாடச் சொல்லுங்கள். வாயை மட்டும் அசைத்தால் கழுத்து நரம்பு பொய் சொல்லும். மெதுவாக அசையும் உலகத்தில் அவர் மட்டும் பாட்டோடு ஒட்டிப் பாடுவதுபோல் வேண்டுமா? பாட்டை இரட்டை வேகத்தில் ஒலிக்கவிட்டு, அவரும் அதே வேகத்தில் பாட, நொடிக்கு 50 சட்டகத்தில் எடுங்கள். அதை 25க்கு இறக்கினால் உதடு பாட்டோடு சேர்ந்துவிடும். படப்பிடிப்பில் அணில் கத்துவதுபோல் கேட்கும், எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்தபின் எடுங்கள்.

அனுமதி விடயத்தில் சோம்பல் கூடாது. தேயிலை மலை யாரும் புகலாம் என்று கிடக்கும் வெளி கிடையாது. தோட்ட முகாமையாளரின் அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்து, திகதி, நேரம், பேர் எல்லாம் எழுதிக் கேளுங்கள். வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களம், கொழுந்து நிறுக்கும் மடுவம் போன்ற இடங்களில் வேலை நேரத்தில் முக்காலியை நட்டால் வேலை தடைப்படும், அதன் பழி அங்கே வேலை செய்பவர்கள் மேல்தான் விழும். ட்ரோனுக்குச் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் விதிகள் உண்டு. ரயில் பாதையின் மேல் நின்று எடுப்பதை எண்ணவே வேண்டாம். வளைவுகளில் கோச்சி வரும் சத்தம் மலைக்குப் பின்னால் மறைந்துவிடும், உயிர்கள் போயிருக்கின்றன.

மனிதர்களைக் காட்டும் விதம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. தாயாக நடிக்க இசைந்த அம்மா ஒருவரிடம், வேலைக்குப் போகும் உடையிலேயே, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றும் படங்கைக் கட்டிக்கொண்டு வரமுடியுமா என்று குழுவில் ஒருவர் கேட்டார்.

"எதற்கு மகள்?" என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். "மகன் தீபாவளிக்கு வருகிறான் என்கிறீர்கள். அன்றைக்கு யார் படங்கு கட்டுவார்கள்? நான் நல்ல சேலை உடுத்திக்கொண்டு வருகிறேன்."

கதையை எங்களைவிட அவர் ஒழுங்காக வாசித்திருந்தார். சேலையின் நிறம் மாம்பழ மஞ்சள். அதுவே பிறகு உறையில் தலைப்பெழுத்தின் நிறமானது. சமூகக் குழுக்களை உங்கள் ஆக்கங்கள் எப்படிச் சித்திரிக்கின்றன என்ற கேள்விக்கு எழுத எங்களிடம் உருப்படியான செய்தி ஒன்று இருந்ததற்கு அந்த அம்மாவே காரணம். கூடையோடு சிரிக்கும் பெண்ணைத் தேயிலைப் பெட்டியில் ஏற்கனவே அச்சடித்திருக்கிறார்கள். மாணவர்களும் அதையே எடுக்கவேண்டுமா?

உறைக்கான படத்தைக் காணொளியிலிருந்து பிடித்தெடுத்த சட்டகமாக வைக்காதீர்கள். முழு எச்டி காணொளியின் ஒரு சட்டகம் 1920க்கு 1080 படப்புள்ளி. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 12 சென்ரிமீற்றர் சதுரத்துக்கே பக்கத்துக்கு 1,400க்கு மேல் தேவை, சட்டகத்தின் 1080 உயரம் அதற்குப் போதாது. இணைய இசைத் தளங்களுக்கு 3,000க்கு 3,000 சதுரம் வழக்கம். ஆகவே படப்பிடிப்பு நாளிலேயே குழுவில் ஒருவரைப் புகைப்படத்துக்கென்று ஒதுக்குங்கள். அதே உடை, அதே ஒளி, அதே பை. எழுத்து வைக்க வெற்றிடம் விட்டு எடுக்கச் சொல்லுங்கள். டிஜிபாக்கின் அளவு அச்சகத்துக்கு அச்சகம் சிறிது மாறும், முதலில் வார்ப்புருவைக் கேட்டு வாங்குங்கள். வெட்டும் ஓரத்துக்கு நாற்புறமும் 3 மில்லிமீற்றர் கூடுதல் விடுவது வழமை. முதுகுப் பகுதியில் கலைஞர் பெயர், பின்புறத்தில் பாடல் வரிசை, பட்டைக் குறியீடு, உரிமைக் குறிப்பு இருந்தால்தான் கடையில் விற்கும் பொருள்போல் தெரியும். திரையில் பளபளக்கும் தேயிலைப் பச்சை நான்கு வண்ண அச்சில் மங்கும். கணினியில் பார்த்து மகிழ்ந்துவிடாமல் ஒரு சோதனை அச்சு எடுங்கள்.

தமிழ் எழுத்து இன்னொரு தலைவலி. வடிவமைப்பு மென்பொருளில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பை இயக்காவிட்டால் யூனிகோட் எனப்படும் ஒருங்குறித் தமிழில் கொம்பு ஒருபக்கம், எழுத்து ஒருபக்கம், கால் ஒருபக்கமாக நிற்கும். நம் பக்கத்து அச்சகங்கள் பலவற்றில் இன்னும் ஒருங்குறி அல்லாத பாமினி எழுத்துரு புழங்குகிறது. உங்கள் ஒருங்குறி எழுத்துரு அங்கே இல்லாவிட்டால் தலைப்பு கட்டம் கட்டமாக வரும். எழுத்துகளை வரைகோடுகளாக மாற்றிப் பிடிஎஃப் கோப்பாகக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் தமிழ் ஆசிரியர் யாரிடமாவது ஒருமுறை வாசிக்கக் காட்டுங்கள். ஒற்று விடுபட்ட ஆல்பம் தலைப்பை நான் பார்த்திருக்கிறேன், பெரிய எழுத்தில்.

திட்டமிடலுக்குச் சான்றாகக் கைவிட்ட இடங்களின் படங்கள், அடித்துத் திருத்திய கதைப்பலகை, அனுமதிக் கடிதங்கள், உறையின் நிராகரித்த வடிவங்கள் எல்லாவற்றையும் திகதியோடு சேர்த்துவையுங்கள். ஏன் கைவிட்டோம் என்று ஒவ்வொன்றின் கீழும் அன்றைக்கே இரண்டு வரி எழுதுங்கள். குழுவாகச் செய்தாலும் பிரதிபலிப்புக் கட்டுரையை ஒவ்வொருவரும் தனித்தனியாகவே எழுதவேண்டும். அப்போது, பையை அங்கே வைக்கலாம் என்று சொன்னது யார் என்ற சண்டையை அந்த இரண்டு வரிகள் தீர்த்துவைக்கும்.