இறுகிய தோளும் பக்கம் மாறிய கடிதமும்

காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய மறுப்புக் கடிதம் தந்த எரிச்சல் இன்னும் தணியாத நிலையில் இதை எழுதுகிறேன். சிங்கப்பூரில் தோள் இறுகிப்போய், யாரிடம் போவது என்று தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த விவரங்கள் பணம் கட்டுவதற்கு முன்பே கிடைத்தால் நல்லது.

தொந்தரவு இடது தோளில். முதலில் இரவில் அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியவில்லை. பிறகு ரவிக்கையின் பின்கொக்கிக்குக் கை எட்டவில்லை. கடைசியில், துணி காயப்போட்ட மூங்கில் கழியைச் சன்னலுக்கு வெளியே மாட்டுவதற்கே மகனைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அலுவலகப் பட்டியலில் இருந்த மருந்தகத்தில் (கிளினிக்கில்) தசைப்பிடிப்பு என்று சொல்லி வலிமாத்திரை தந்தார்கள்.

அப்போது சக ஊழியர் ஒருவர் நகர மையத்தில் உள்ள ஓர் ஆஸ்டியோபதி நிலையத்தைச் சொன்னார். மூட்டுகளையும் தசைகளையும் கையால் அழுத்தியும் அசைத்தும் செய்யும் சிகிச்சை அது. முன்பதிவு செய்யும்போதே, இந்தச் செலவை நிறுவனக் காப்பீட்டில் கோர முடியுமா என்று கேட்டேன். தாராளமாகக் கோரலாம், பலர் கோருகிறார்கள் என்று முகப்பில் இருந்தவர் தயங்காமல் சொன்னார். சிகிச்சையை நான் குறைசொல்ல மாட்டேன். அந்த நிபுணர் தோளைத் தொடுவதற்கு முன்பு கழுத்து, மேல்முதுகு, விலா எலும்புகள் ஆகியவற்றின் அசைவைப் பொறுமையாகச் சோதித்தார். தம் கைக்கு எதிராக என் கையைத் தள்ளச் சொல்லி, தள்ளி முடித்துத் தசை தளரும் நேரம் பார்த்து மூட்டை இன்னும் சற்று நகர்த்தினார். மேல்முதுகில் சட்டென்று ஓர் அழுத்தம் கொடுத்தபோது நெட்டி முறிவதுபோல் ஒலி எழுந்தது. நான் பதறியதைக் கண்டு, எலும்பு எதுவும் இடம் மாறவில்லை, மூட்டுக்குள் இருக்கும் நீரில் வாயு இடைவெளி உண்டாவதால் எழும் ஓசை அது என்று விளக்கினார். கழுத்து நன்றாகவே இலகுவாயிற்று. தோள் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது.

கோரிக்கை மறுக்கப்பட்டதற்குக் கடிதத்தில் இரண்டு காரணங்கள் இருந்தன: மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் இணைக்கப்படவில்லை, சிகிச்சை அளித்தவர் பதிவுபெற்ற இயன்முறை சிகிச்சையாளர் (பிசியோதெரபிஸ்ட்) அல்லர். இங்கே இயன்முறை சிகிச்சையாளர்கள் 2011ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் அமைந்த மன்றத்தில் பதிவுசெய்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் பெயரைத் தேடி, முழுப் பதிவா, மேற்பார்வையின்கீழ் பணிபுரியும் நிபந்தனைப் பதிவா என்பதுவரை யாரும் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஆஸ்டியோபதிக்குச் சிங்கப்பூரில் அப்படிப்பட்ட சட்டப் பதிவு கிடையாது. பிரிட்டனில் அதற்கென்று 1993ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. அது தோன்றிய அமெரிக்காவில் அந்தப் பட்டம் பெற்றவர்கள் முழு மருத்துவர்களாக மருந்து எழுதுகிறார்கள், அறுவை சிகிச்சையும் செய்கிறார்கள். ஆகவே சுவரில் மாட்டியிருக்கும் வெளிநாட்டுச் சான்றிதழ் முற்றிலும் உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் நம்முடைய காப்பீட்டு ஒப்பந்தம் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுமா என்பதை ஒப்பந்தத்தைப் படித்தோ, காப்பீட்டு நிறுவனத்திடம் மின்னஞ்சலில் எழுதிக் கேட்டோதான் தெரிந்துகொள்ள வேண்டும். சிகிச்சை நிலையத்தின் முகப்பில் கிடைக்கும் வாய்மொழி உறுதிக்கு மதிப்பே இல்லை. நான் திரும்ப அழைத்தபோது, “ஒவ்வொரு கம்பெனியும் ஒரு மாதிரி, அக்கா” என்று அதே குரல் சொல்லிற்று.

அதன்பின் நீரிழிவுக்காக வழக்கமாகச் செல்லும் அரசாங்கப் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்கில்) தோளையும் காட்டினேன். அங்கிருந்த இளம் மருத்துவர் முதலில் என்னையே கையைத் தூக்கச் சொன்னார்; பிறகு என் கையைத் தளர விடச் சொல்லித் தாமே தூக்கிப் பார்த்தார். இரண்டு முறையும் கை ஒரே உயரத்தில் நின்றது. தசைநார் கிழிந்திருந்தால் பெரும்பாலும் பிறர் தூக்கும்போது கை மேலே போய்விடும், உங்களுக்கு மூட்டைச் சுற்றியுள்ள உறையே தடித்துச் சுருங்கியிருக்கிறது, இதுதான் உறைந்த தோள் என்றார். நாற்பது முதல் அறுபது வயதுக்குள் அதிகமாக வரும் என்றும், நீரிழிவு உள்ளவர்களுக்கு வரும் வாய்ப்பு கூடுதல் என்றும், முழுமையாகத் தளர ஓராண்டு முதல் மூன்றாண்டுவரை ஆகலாம் என்றும் சொன்னார். மூட்டுத் தேய்மானம் இல்லை என்பதை எக்ஸ்ரே உறுதிசெய்தது. மருத்துவமனையின் இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் தந்தார். பலதுறை மருந்தகத்தின் வழியாகச் சென்றால் மானியக் கட்டணம் கிடைக்கும். நாமாக நேரே போனால் முழுக் கட்டணம். என் வயதில் இந்தச் சிகிச்சைக்கு மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கான மெடிசேவையும் தொட முடியவில்லை, நீரிழிவு மாத்திரைக்கு மட்டும் அது உண்டு.

நீண்ட காத்திருப்புக்குப் பிறகு, அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். முகப்பில் இருந்தவர் கடிதத்தைத் திரையில் பார்த்துவிட்டு, “வலது தோள்தானே?” என்றார். இடது தோள் என்றேன். பரிந்துரையில் வலது என்று இருப்பதால் இடது தோளைச் சிகிச்சையாளர் தொட முடியாது, திருத்திய கடிதம் வேண்டும் என்று சொல்லிவிட்டார். எக்ஸ்ரே அறிக்கையில் இடது என்றுதான் இருக்கிறது, அதைப் பாருங்கள் என்று நான் காட்டியும் பயனில்லை. பலதுறை மருந்தகத்தை அழைத்தால் அந்த மருத்துவர் அன்று விடுப்பு. விதி சரியானதுதான், தவறான பக்கத்தில் கைவைத்தால் யார் பொறுப்பு என்பதும் புரிகிறது. ஆனால் உள்ளேயிருந்து ஒரு தொலைபேசி அழைப்பில் முடித்திருக்கக்கூடிய வேலைக்கு நோயாளியைத் திருப்பி அனுப்பியதை என்னால் ஏற்க முடியவில்லை. கடிதம் கைக்கு வந்ததும் எந்தப் பக்கம், எந்த உறுப்பு என்பதை மருந்தகத்தை விட்டு வெளியேறும் முன்பே படித்துவிடுங்கள். கழுத்தும் வலித்தால் கழுத்தையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த தேதி மிகவும் தள்ளிப்போனால், யாராவது ரத்துசெய்த இடம் உண்டா என்று காலையிலேயே அழைத்துக் கேளுங்கள். எனக்கு அப்படித்தான் ஒன்று கிடைத்தது.

சிகிச்சை தொடங்கியபின் சொல்வதற்கு அதிகக் குறையில்லை. கோணமானியை வைத்து அளந்தபோது, முழங்கையை விலாவோடு ஒட்டி முன்கையை வெளிப்புறம் திருப்புவதில்தான் கை மிகவும் பின்தங்கியிருந்தது. உறைந்த தோளில் அந்த அசைவே முதலில் போகுமாம். ஒத்தடத்திற்குப் பின் சிகிச்சையாளர் மேற்கை எலும்பின் தலைப்பகுதியைப் பிடித்து மூட்டுக்குள் மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துவார். வலி அதிகமாக இருந்த நாட்களில் அசைவு சிறிதாகவும், இறுக்கமே மேலோங்கிய நாட்களில் எல்லைவரை ஆழமாகவும் இருக்கும். ஆகவே வலியைத் தாங்கிக்கொண்டு பேசாமல் இருக்காதீர்கள், அழுத்தத்தின் அளவை அவர் தீர்மானிப்பதே நாம் சொல்வதை வைத்துத்தான். இடையில் ஸ்டீராய்டு ஊசியும் போட்டார்கள். இரவுவலி குறைந்தது, ஆனால் சில நாட்களுக்கு இரத்தச் சர்க்கரை ஏறும் என்பதை ஊசி போட்ட அறையில் எவரும் சொல்லவில்லை, மருந்தாளர்தான் சொன்னார். நீரிழிவு உள்ளவர்கள் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இம்முறை பரிந்துரைக் கடிதத்தின் நகல், நோயின் பெயர், சிகிச்சையாளரின் பதிவு எண் ஆகிய மூன்றையும் இரசீதோடு சேர்த்து அனுப்பினேன். காப்பீட்டுப் பணம் ஒரு கேள்வியும் இல்லாமல் வந்தது.

இப்போது மருத்துவமனைக்குப் போவது குறைந்து, வீட்டுப் பயிற்சிதான் முக்கியமாகிவிட்டது: குடையை இரு கைகளாலும் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளுவது, சுவரில் விரல்களால் ஏறுவது, கதவில் மாட்டிய கப்பிக் கயிற்றை நல்ல கையால் இழுத்து நோயுள்ள கையை உயர்த்துவது. கப்பி வாங்குவோர் அதை மாட்டிய கதவைத் தாழிட்டுவிட்டு, வீட்டில் உள்ளவர்களிடமும் சொல்லிவிட்டுப் பயிற்சியைத் தொடங்குங்கள். மறுபக்கத்திலிருந்து யாராவது கதவைத் திறந்தால் கயிறு வெடுக்கென்று இழுக்கும்.